அவர் பெயரில் ஒரு ஸ்டாப்

"எங்கம்மா?" கண்டக்டர் பையன் கேட்டுவிட்டான். கேட்பது அவன் வேலை. பெண்களுக்கு இலவசம் என்றாலும் எங்கே என்று சொன்னால்தான் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பார்கள், எனக்கும் தெரியும், இத்தனை வருஷமாகப் போய்வருகிற டவுன் பஸ்தானே. ஆனால் இந்தப் பையன் புதுசு. மீசைகூட இன்னும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை, இருபத்தைந்து வயது இருக்கும். அந்த வயதில் யாரைப் பார்த்தாலும் எனக்குப் புத்தி ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிடுகிறது. இருபத்தைந்துக்கு மேல் என் வீட்டுக்காரர் எப்படி இருந்திருப்பார், தொப்பை போட்டிருக்குமா, முடி கொட்டியிருக்குமா, எதுவும் தெரியாததால் அவரை அந்த வயதிலேயே நிறுத்திவைத்திருக்கிறேன். நான் மட்டும் நாற்பத்தேழுக்கு வந்து, மூட்டுவலியோடு, மடியில் ஒரு பை, காலடியில் ஒரு பை என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். "எங்கன்னு கேட்டேன், யம்மா." "மில்லு ஸ்டாப்பு" என்றேன். "மில்லா? அப்படி ஒரு ஸ்டாப்பே இந்த ரூட்ல கெடையாதே." கிடையாதுதான். பஞ்சுமில்லை இடித்துப் பிளாட் போட்டு, அதில் கட்டின வீடுகளுக்கே இரண்டாம் தடவை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. "மிலிட்டரிக்காரர் பேர்ல இருக்குமே தம்பி, அந்த ஸ்டாப்பு" என்றேன். "மிலிட்டரி கேன்டீனா? அது அந்தப் பக்கம்ல இருக்கு. பஸ் மாறி ஏறிட்டீகளா?" பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை, பாவம், நல்ல பிள்ளை. "முன்னால டிக்கெட் போட்டுட்டு வாரேன், யோசிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைத் தோளால் தள்ளிக்கொண்டு போனான். யோசித்து வைக்க வேண்டுமாம். மறந்து தொலைத்தால்தானே யோசிப்பதற்கு.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி வெளியே வந்துவிட்டது. கடலை மிட்டாய்க் கடைகள், வெல்லப்பாகு வாசனை, டிராபிக் போலீஸ்காரரின் குடை. அல்போன்ஸ் அண்ணாச்சி கண்டக்டராக இருந்தவரை எனக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. என்னைக் கண்டதும் கேட்காமலே சீட்டைக் கிழித்து நீட்டுவார். ஸ்டாப் நெருங்கினால் மற்றவர்களுக்குக் கத்துகிறமாதிரி கத்தாமல் என் சீட்டுக்கு வந்து "யம்மா, வந்தாச்சு" என்று மெதுவாகச் சொல்வார். அவர் ரிடையர் ஆன பிறகும் ஊர்க்காரர்கள் யாராவது பஸ்ஸில் இருப்பார்கள், "இவுகளுக்கும் சேத்து நம்ம ஸ்டாப்பு" என்று அவர்களே வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். இன்றைக்கு ஒரு தெரிந்த முகம் இல்லை. எல்லாம் காலேஜ் பிள்ளைகள், காதில் வயரை மாட்டிக்கொண்டு. ஊரில் எல்லோரும் பைக் வாங்கிவிட்டார்கள். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது, சொன்னால் ஆயுசு குறையும் என்று என் அம்மா கல்யாணத்துக்கு முதல்நாள் என் காதில் போட்டதை நான் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று இந்தப் பிள்ளைகளிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். திருப்பூரில் என் தங்கச்சி மகள் பிரியதர்ஷினிக்குப் பிரசவம் பார்க்கப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறேன். அவள் புருஷனை "டேய் கௌதம், டயப்பர் எங்கடா வெச்ச?" என்கிறாள். எனக்கு முதல் இரண்டு நாள் நெஞ்சு திக்கென்றது. அப்புறம் பார்த்தால் அந்த மாப்பிள்ளை மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டுக் குண்டாகத்தான் இருக்கிறார், ஆயுசு ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை. நான் என்னடாவென்றால் மளிகைக் கடையில் டீக்குப் போடுகிற அந்த வெள்ளைச் சாமானைக்கூட "அஸ்கா அரைக் கிலோ" என்றுதான் கேட்பேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற வார்த்தையில் அவர் பெயரின் முன்பாதி இருக்கிறது. அப்படிப் பொத்திப் பொத்திக் காப்பாற்றின ஆயுசு. ஒரு எழுத்துகூட வெளியே சிந்தாமல் காப்பாற்றினேன். இருபத்தைந்து வயதில் சண்டை கொண்டுபோய்விட்டது.

ஸ்டாப்புக்கு அவர் பெயர் வைத்ததற்குக் காரணம் உண்டு. அவர் ஆயுசில் பாதி அங்கேதான் நின்றார். மில்லில் பஞ்சுப்பொதி ஏற்றுகிற வேலை, பத்தாவதில் கணக்கில் போனவர். விடிவதற்கு முன்னால் மில் ரோட்டில் ஓடுவாராம். எதற்கு இந்த ஓட்டம் என்று கேட்டால் "நாய் தொரத்துது" என்பாராம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து முதல் தடவை போனபோது எடை குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை இந்த ஸ்டாப்பில் நின்றே ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தின்று இரண்டு செம்புத் தண்ணீரும் குடித்துவிட்டு பஸ் ஏறினாராம். எடை மெஷினில் நின்றபோது மூச்சுவிட்டால் பழம் வெளியே வந்துவிடும் என்று மூச்சைப் பிடித்தேன், அதில் மார்பும் விரிந்துவிட்டது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சொல்லும்போது கை இரண்டையும் விரித்து மார்பைத் தூக்கிக் காட்டுவார், அப்படியே கட்டிலில் விழுவார். எனக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் இரண்டு லீவு. ஒன்று கல்யாண லீவு, இன்னொன்று பொங்கல் லீவு. மற்றதெல்லாம் கடிதமும் மில் கேட் பக்கத்து பூத்தில் வரும் போனும்தான். அங்கே மலையில் கடலை மிட்டாய் கல்லாகிவிடுகிறது, கடித்தால் பல் போய்விடும், அதனால் சாப்பிடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அக்குளில் வைத்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னார். "சீ" என்றேன். "சீ இல்ல, சீட்டுப்போட்டு வாங்குறாங்க, பஞ்சாப்காரன்கூட கேக்கான்" என்றார். அவர் டிரங்குப் பெட்டி வந்தபோது அதில் பிரிக்காத பாக்கெட் ஒன்று இருந்தது, நான் வாங்கி அனுப்பினதுதான். ஒரு துண்டை வாயில் போட்டேன். மலையில் கல்லாக இருந்தது எங்கள் ஊர் வெயிலுக்கு நமுத்துப்போய்ப் பல்லில் ஒட்டிக்கொண்டது. ஏன் தின்றேன் என்று தெரியவில்லை. பசித்தது, அதுதான் உண்மை. அவர் போய்ப் பதினைந்து நாள் ஆகவில்லை, எனக்குப் பசித்தது. அதற்காக என் மேலேயே கோபம் வந்து அதற்கும் அழுதேன்.

"என்னம்மா, ஞாபகம் வந்துச்சா?" பையன் திரும்ப வந்து நிற்கிறான். ஊர் பெயரைச் சொன்னேன். "அந்த ஊரா? உள்ளயில்ல இருக்கு, பஸ் போகாதே. பாலம் தாண்டி பைபாஸ்ல எறங்கி ஆட்டோ பிடிச்சுருங்க." எனக்குப் புரியவில்லை. நான் திருப்பூர் போகும்போது பாலம் பாதியில்தானே நின்றது? "மேம்பாலம் தெறந்து ஒரு மாசமாச்சேம்மா. எல்லா வண்டியும் இப்ப மேலதான் போகுது. கீழ சர்வீஸ் ரோட்டுல ஒரு ஸ்டாப்பு இருந்துச்சு, யாராச்சும் பேரைச் சொல்லிக் கேட்டா கீழ எறக்குவோம். நான் வந்ததுல இருந்து ஒருத்தரும் கேக்கல. கேக்க ஆளில்லன்னு அந்த ஸ்டாப்பையே எடுத்துறப் போறாங்கன்னு டிப்போல பேசிக்கிட்டாங்க." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "நீங்க கேக்குறது அதுதானா? அதுன்னா பேரைச் சொல்லுங்க, டிரைவர் அண்ணன்கிட்டச் சொல்றேன். எனக்கு அந்தப் பேரு வாய்ல வர மாட்டேங்குது." அவனுக்கும் வரவில்லையாம். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. முன்னால் யாரோ சில்லறை கேட்க அவன் போய்விட்டான். "பாலத்துக்கு முன்னாடி சொல்லிருங்க" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனான்.

எடுத்துவிடுவார்களாம். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று அவர் பெயர் எழுதின நிழற்குடையை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். வேலை முடிந்ததும் புதுசு கட்டித் தருகிறோம் என்றார்கள், நம்பினேன். போர்டு போனாலும் பரவாயில்லை, பஸ்ஸில் வருகிறவர்கள் வாயில் பெயர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். யார் வாயில் இருக்கிறது? நானே வருஷக்கணக்காக "மில்லு ஸ்டாப்பு, மில்லு ஸ்டாப்பு" என்று இடித்துப்போட்ட மில்லுக்குத்தான் உயிர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஊர்க்காரர்களும் நான் இருந்தால் மரியாதைக்கு "நம்ம ஸ்டாப்பு" என்றார்கள். அல்போன்ஸ் அண்ணாச்சி "வந்தாச்சு" என்றார். எல்லோரும் எனக்காகப் பார்த்துப் பார்த்து விழுங்கின பெயர் கடைசியில் யார் தொண்டையிலும் இல்லை. வீட்டில் அத்தை இருந்தவரை அந்தப் பெயர் சத்தமாக இருந்தது. பெற்றவளுக்கு என்ன தடை? காலையில் எழுந்ததும் மகன் படத்தைப் பார்த்து வாய் நிறையக் கூப்பிட்டு, "எந்திரிச்சிட்டியாய்யா" என்பார். பக்கத்து அறையில் படுத்திருக்கிற எனக்குப் பொறாமையாக இருக்கும். மாமியார்மேல் மருமகளுக்கு எத்தனையோ பொறாமை உண்டு, இப்படி ஒன்று உலகத்தில் யாருக்கும் இருந்திருக்காது. அத்தையும் போய் ஆறு வருஷம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சுவர் அந்தப் பெயரைக் கேட்கவே இல்லை.

"ஆன்ட்டி, எங்க எறங்கணும்?" பக்கத்தில் இருந்த பிள்ளை காதிலிருந்து வயரைக் கழற்றிவிட்டுக் கேட்டது. நெற்றியில் பொட்டு இல்லை, நகத்தில் நீலக் கலர். "எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கிற ஸ்டாப்பும்மா" என்றேன், எதற்குச் சொன்னேனோ. அதன் கண் விரிந்தது. "உங்க ஹஸ்பண்ட் பேர்ல பஸ் ஸ்டாப்பா? செம ஆன்ட்டி! என்ன பண்ணாங்க?" "கார்கில்ல எறந்துட்டாக." பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டது. "பேரு என்ன?" என்றது. நான் சிரித்தேன். "சொல்ல மாட்டீங்களா? எங்க பெரியம்மாவும் இப்படித்தான், போன்ல பேரைப் போடாம 'வீடு'ன்னு போட்டு வெச்சிருப்பாங்க." பெரியம்மாவுக்குப் பெரியப்பா இருக்கிறார். அவர் ஆயுசுக்காகச் சொல்லாமல் இருக்கிறாள். எனக்கு எதற்கு? எந்த ஆயுசு குறைந்துவிடும் இனி? இதை நான் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. குளிக்கும்போது, கோலம் போடும்போது, எத்தனையோ தடவை நாக்கு நுனிவரைக்கும் வந்திருக்கிறது. ஆயுசுக்காக இல்லை, வேறொன்றுக்காக விழுங்கிவிடுவேன். அது கோவில்பட்டி ரயில்வே ஸ்டேஷனில் நடந்தது. பொங்கல் லீவு முடிந்து அவர் கிளம்புகிறார். லீவு முழுக்க இதே விளையாட்டுத்தான், என் பெயரைச் சொல்லு, சொல்லு என்று. ரயிலில் நீ வழி தவறிவிட்டால் போலீஸ்காரரிடம் யார் பெண்டாட்டி என்று சொல்வாய், என்று மிரட்டுவார். "காது பெரிசா இருக்கிற ஆளோட பெண்டாட்டின்னு சொல்வேன்" என்பேன். ரயில் மெதுவாக நகர்ந்தது. அவர் வாசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒரு காலைப் படியில் இறக்கி வைத்துக்கொண்டு நின்றார். "கனி, ஒரே ஒரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிடு. கூப்பிட்டா எறங்கிர்றேன், சத்தியமா." நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடியே கூட ஓடினேன். "அடுத்த லீவுக்கு வாங்க, சொல்றேன்" என்று கத்தினேன். அவர் காலை மேலே எடுத்துக்கொண்டார்.

அடுத்த லீவுக்கு வந்தார். மதுரைவரைக்கும் விமானத்தில், அங்கிருந்து பட்டாள லாரியில், மேலே கொடியைப் போர்த்திக்கொண்டு வந்தார். ஊரே மில் ரோட்டில் நின்றது. இந்திக்கார ஆபீசர் ஒருத்தர் என் முன்னால் குனிந்து ஏதோ கேட்டார். கூட இருந்த தமிழ் சுபேதார், "வீட்டுக்காரர் பேரை ஒரு தடவை சொல்லுங்கம்மா, ஒப்படைக்கிறதுக்கு முன்னால கேக்கணும்" என்றார். பெட்டி என் காலடியில் இருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. வாக்குக் கொடுத்தாயே, சொல்லு, என்கிறார். சொன்னால் என்ன ஆகும்? இதுதான் அந்த லீவு என்று ஆகிவிடும். இந்தப் பெட்டியில் வந்ததுதான் அடுத்த லீவு என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நான் வாயைத் திறக்கவில்லை. ஆபீசர் எனக்குப் புரியவில்லை என்று நினைத்து இன்னும் மெதுவாகக் கேட்டார். அத்தைதான் பெட்டிமேல் விழுந்து அந்தப் பெயரைக் கத்தினார், மில் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. நான் சொல்லவில்லை. சொல்லாதவரைக்கும் அவர் எனக்கு ஒரு லீவு பாக்கி வைத்திருக்கிறார். பைத்தியக்காரத்தனம்தான். ஸ்டாப்புக்கு அவர் பெயர் வைத்த புதுசில், கோவில்பட்டி போக நிழற்குடையில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் ஒரு பஸ் வந்து நிற்கிறது. கண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு அவர் பெயரைச் சொல்லி, எறங்கு, எறங்கு என்று கத்துகிறார். வாசலையே பார்த்தேன். கோழிக்கூடையோடு ஒரு அம்மா இறங்கினாள், பஸ் போய்விட்டது. நான் போகவேண்டிய பஸ்ஸும் போய்விட்டது. அதற்கப்புறம் அந்த ஸ்டாப்பில் நிற்கும்போதெல்லாம் எந்த பஸ் வந்தாலும் கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்புவேன். யாரிடமும் சொன்னதில்லை.

பாலம் தெரிகிறது. வெள்ளைவெளேரென்று, ஊரையே தாண்டிப் போகிறமாதிரி மேலே ஏறுகிறது. கீழே இடதுபக்கம் ஒடுங்கின சர்வீஸ் ரோடு, அதன் ஓரத்தில் எங்கள் புளியமரம். வண்டி வலதுபக்கமே போய்க்கொண்டிருக்கிறது. பையன் முன்வாசலில் நின்று டிரைவரோடு ஏதோ பேசுகிறான், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பைபாஸில் இறங்கி ஆட்டோவில் போனால் என்ன குறைந்துவிடும், யாருக்குத் தெரியப்போகிறது? நாளைக்கும் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். அடுத்த மாதம் எடுத்துவிடுவார்கள். அப்புறம் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி எறங்கு என்று கத்தமாட்டார்கள், எந்த வாசலையும் நான் பார்க்க வேண்டாம். சொல்லாமல் வைத்திருந்தால் அவருக்கு ஒரு லீவு பாக்கி இருக்கிறது, சரி. லீவில் வருகிற ஆள் எங்கே வந்து இறங்குவார்? இறங்க ஒரு ஸ்டாப் வேண்டாமா? நான் எழுந்துவிட்டேன். மடியிலிருந்த பை கீழே விழுந்தது, பிள்ளை எடுத்துக்கொண்டது. கம்பியைப் பிடித்தேன். பயம், இருபத்தொரு வயதில் பெட்டிக்கு முன்னால் நின்ற அதே பயம். வண்டி ஏறப்போகிறது. "சீனி" என்றேன். பாதிதான் வந்தது, எனக்கே கேட்கவில்லை. "ஆன்ட்டி, சத்தமா!" என்றது பிள்ளை. "சீனிராஜ்!" பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் குரலா அது, எனக்கே தெரியவில்லை, ரயிலுக்குப் பின்னால் ஓடுகிறவள் குரல் மாதிரி இருந்தது. "சீனிராஜ்! சீனிராஜ்!" நிறுத்த முடியவில்லை. இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து வருகிறது. "போதும்மா, கேட்டுருச்சு, கேட்டுருச்சு" என்று பையன் ஓடிவந்தான். "அண்ணே, கீழ விடுங்க, சீனிராஜ் ஒண்ணு!" டிரைவர் வண்டியை இடதுபக்கம் ஒடித்தார். நாங்கள் எல்லோரும் ஒருபக்கமாகச் சாய்ந்தோம். பாலம் மேலே போய்விட்டது, நாங்கள் கீழே இறங்கினோம். எனக்கு அழுகை வரவில்லை. வாய் இனித்துக் கிடந்தது, அவ்வளவுதான். புளியமரத்தடியில் வண்டி நின்றது. அந்தத் தம்பி வாசலில் தொங்கிக்கொண்டு, நான் ஒரு ஆள்தான் இறங்கப்போகிறேன் என்று தெரிந்தும், பழக்கத்தில் வெளியே பார்த்துக் கத்தினான்: "சீனிராஜ் எறங்கு! சீனிராஜ் எறங்கு!" பிள்ளை இரண்டு பையையும் என்னிடம் நீட்டியது. ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்கினேன், மூட்டு வலித்தது. தரையில் கால் பட்டதும் வாசலை மறைக்காமல், பின்னால் இறங்குகிறவருக்கு வழி விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றேன்.